எந்தக் கட்சியின் கணக்கு?

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து எழுதுகிறேன். நம் தென்னாப்பிரிக்காவில் வாட் வரி உயர்வைத் தடுத்த எதிர்ப்பைப் பாராட்டி நீங்கள் போன மாதம் எழுதியதை எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. "இவர் டிஏ ஆள்" என்று ஒருவர் ஆரம்பித்தார், ஜனநாயகக் கூட்டணிக் கட்சியைச் சொல்கிறார். ஆளும் கட்சியான ஏஎன்சியில் பழைய ஆள் ஒருவர், முந்நூறு வருஷ வெள்ளையர் ஆட்சிக் குப்பையை முப்பது வருஷத்தில் யாரால் அள்ள முடியும் என்றார். உடனே ஒரு டிஏ மாமா மேற்கு கேப் மாகாணத்தில் வேலையின்மை எவ்வளவு குறைவு பாருங்கள் என்று ஒரு படத்தைப் போட்டார். முன்னாள் அதிபர் ஜூமாவின் எம்கே கட்சிக்காரர் எல்லாவற்றுக்கும் ரிசர்வ் வங்கிதான் காரணம் என்றார். நள்ளிரவு நெருங்கும்போது அட்மின் குழுவையே பூட்டிவிட்டார்.

என் மனைவியின் அக்கா மகனுக்கு 26 வயது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவன். இரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டுப் பார்த்துவிட்டு இப்போது அதையும் நிறுத்திவிட்டான். சனிக்கிழமைகளில் மட்டும் தன் சித்தப்பாவின் காய்கறிக் கடையில் நிற்கிறான், சம்பளத்துக்கு. இந்தச் சண்டையால் அவனுக்கு என்ன லாபம்? கட்சிக்காரர்கள் பேசும் பொருளாதாரத்தை நாம் காதில் வாங்கவே வேண்டுமா? எல்லாருக்கும் அடுத்த தேர்தல்தானே கணக்கு? அப்புறம், நீங்கள் எந்தப் பக்கம் என்று குழுவில் கேட்கிறார்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நான் டர்பனில் நிரந்தர வசிப்புரிமையோடு இருப்பவன். குடியுரிமை வாங்கவில்லை, அதனால் ஓட்டும் இல்லை. ஓட்டு இல்லாதவனுக்குப் பக்கம் இருக்கக் கூடாதா என்ன? வாட் விஷயத்தில் எதிர்த்தவர்கள் பக்கம் இருந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

காதில் வாங்கவே வேண்டுமா என்றால், கட்டாயம் வாங்க வேண்டும். 2025 பிப்ரவரி 19 அன்று நிதியமைச்சர் கோடோங்வானா பட்ஜெட் வாசிக்க வேண்டிய நாள். வாட்டை 15 சதவீதத்திலிருந்து 17 ஆக்கும் யோசனைக்கு, ஏஎன்சியும் டிஏவும் இருக்கும் ஆளும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்ப, பட்ஜெட் தள்ளிப்போனது. மார்ச்சில் அதை ஒரு சதவீதமாகக் குறைத்து, அரை அரை சதவீதமாக இரண்டு வருஷத்துக்குப் பிரித்துக் கொண்டுவந்தார்கள். டிஏ எதிர்த்து ஓட்டுப் போட்டது. டிஏவும் இடதுசாரி இஎஃப்எஃப் கட்சியும் நீதிமன்றம் போயின. ஏப்ரல் 24 அன்று அமைச்சர் உயர்வைக் கைவிட்டார். டிஏ இதையெல்லாம் ஏழைகள் மேல் உள்ள பாசத்தில் செய்தது என்று நான் நம்பவில்லை. ஆதரவுக்கு விலையாகத் தனக்கு வேண்டிய சீர்திருத்தங்களைக் கேட்டுப் பேரம் பேசிக்கொண்டுதான் இருந்தது. இருக்கட்டுமே. பேரம் பேசியவனால்தான் வரி நின்றது.

ஆனால் அதே கதையின் பின்பாதியை உங்கள் குழுவில் யாராவது பேசினார்களா? மே 21 அன்று வந்த மூன்றாவது பட்ஜெட்டில் பெட்ரோல் லிட்டருக்கு 16 சென்ட், டீசலுக்கு 15 சென்ட் எரிபொருள் வரி ஏறியது. மூன்று வருஷத்தில் முதல் ஏற்றம். அதை எதிர்த்து இஎஃப்எஃப் நீதிமன்றம் போய்த் தோற்றது. டிஏ போகவில்லை. இத்தனைக்கும் அரிசி, பருப்பு, மக்காச்சோள மாவு, பழுப்பு ரொட்டி இவற்றுக்கெல்லாம் வாட் கிடையாது, பூஜ்ய விகிதம்தான். எரிபொருள் வரி அப்படியில்லை, எல்லார் தலையிலும் இறங்கும். நிறவெறிக் காலத்தில் நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்ட ஊர்களிலிருந்து வேலை தேடிப் போகிறவன் மினிபஸ் டாக்ஸிக்குத்தான் முதலில் காசு கொடுக்க வேண்டும். வேலை தேடவே செலவாகிற நாடு இது. 16 சென்ட் சின்னத் தொகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாட்டுக்கு அத்தனை சத்தம் போட்டவர்கள் இதற்கு ஒரு முனகலாவது போட்டிருக்கலாம்.

கட்சிக்காரன் பேசும்போது நான் பார்ப்பது இதைத்தான். அவன் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எதைச் சொல்லாமல் விட்டான் என்பதுதான் விஷயம்.

டிஏ மாமாவின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு கேப்பில் வேலையின்மை 20 சதவீதத்தை ஒட்டி, நாட்டின் மற்ற பகுதிகளைவிட மிகக் குறைவு. உண்மை. டிஏ அங்கே தனித்து ஆட்சியைப் பிடித்தது 2009-இல். ஆனால் 2001 கணக்கெடுப்பிலேயே நாடு முழுக்க 42 சதவீதம் வந்தபோது அங்கே 26தான். துறைமுகம், திராட்சைத் தோட்டங்கள், சுற்றுலா என்று அந்த மாகாணத்துக்கு முன்பே இருந்த பலம் அது. அதைக் கெடுக்காமல் காப்பாற்றினார்கள் என்று சொன்னால் நான் தலையாட்டுவேன். தாங்களே உண்டாக்கியது போலப் படம் போட்டால் மாட்டேன்.

ஏஎன்சி பெரியவருக்கும் ஒரு வார்த்தை. முந்நூறு வருஷக் குப்பை உண்மைதான். ஆனால் 2023-இல் பாதி நாள் கரண்ட் போய் இருட்டில் கிடந்தோமே, அதற்கு யாரைச் சொல்வது? அந்த வருஷக் கடைசியில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே அறுபது கப்பல்வரை வரிசையில் நின்றன. கடற்கரையில் நடக்கப் போகிறவர்களெல்லாம் எண்ணிப் பார்த்தோம். இதெல்லாம் இவர்கள் ஆட்சியில் கெட்டது.

எம்கே நண்பரின் ரிசர்வ் வங்கி வாதத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை அதன் அடிப்படை வட்டி 8.25 சதவீதம், கடன் வாங்கித் தொழில் செய்கிறவனுக்கு மூச்சு முட்டியது. ஆனால் கரண்ட் இல்லாத பட்டறைக்கு வட்டியைக் குறைத்து என்ன பிரயோஜனம்?

உங்கள் பையனைப் பற்றி. 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அதிகாரபூர்வ வேலையின்மை 33.2 சதவீதம், 84 லட்சம் பேர். இந்தக் கணக்கில் வர வேண்டுமானால் கடைசி நான்கு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும். தேடிச் சலித்தவர்களையும் சேர்த்தால் விரிந்த விகிதம் 42.9. பையன் விண்ணப்பத்தை நிறுத்தியபோது 33.2-இலிருந்து வெளியே போய்விட்டான். அத்தோடு முடியவில்லை. கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலே வேலையில் இருப்பவன்தான். சனிக்கிழமை காய்கறிக் கடையில் நிற்கிறானே, புள்ளிவிவரத் துறையைப் பொறுத்தவரை அவன் உத்தியோகஸ்தன்! இதில் ஒரு வேடிக்கை. 2025 ஜூனில் கேபிடெக் வங்கியின் தலைமை நிர்வாகியாக இருந்த கெர்ரி ஃபூரி, முறைசாராத் தொழில்களைச் சேர்த்தால் உண்மையான வேலையின்மை 10 சதவீதம்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். அதையெல்லாம் ஏற்கெனவே சேர்த்துத்தான் எண்ணுகிறோம் என்று புள்ளிவிவரத் துறை பதில் சொன்னது. அரசைத் திட்ட 42.9, அரசைக் காப்பாற்ற 33.2 என்று ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் பரவாயில்லை, ஆட்சி மாறும்போது எண்ணையும் மாற்றாதவனாக இருந்தால் சரி.

எல்லாரும் சேர்ந்து மௌனமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் நாலு பேரிடம் பேசினால் ஒருவராவது துணி ஆலையில் தைத்தவராக இருப்பார். 1990-களின் நடுவில், உலக வர்த்தக அமைப்புக்குக் கொடுத்த வாக்கைவிட வேகமாக இறக்குமதி வரியைக் குறைத்தார்கள். சீனத் துணி வந்து இறங்கியது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. நம் வீட்டுப் பெண்கள் வேலையிழந்தார்கள். 1996-இல் அமைச்சர் ஜெய் நாயுடு பொறுப்பில் இருந்த ஆர்டிபி என்ற புனரமைப்பு, வளர்ச்சித் திட்ட அலுவலகத்தை மூடிவிட்டார்கள். சில மாதத்தில் நிதியமைச்சர் ட்ரெவர் மானுவல், சந்தையை நம்பும் கியர் பொருளாதாரத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2000-க்குள் வருஷத்துக்கு 6 சதவீத வளர்ச்சி, 4 லட்சம் வேலை என்று அதில் எழுதியிருந்தது. வளர்ச்சியும் அந்த அளவு வரவில்லை, வேலையும் வரவில்லை. இதைக் கடுமையாக எதிர்த்தது ஏஎன்சியின் தோழமையான கோசாட்டு தொழிற்சங்கம்தான். டிஏவின் தாய்க்கட்சியான அன்றைய ஜனநாயகக் கட்சி வரவேற்றது. அதனால் இன்று இந்தப் பேச்சை எடுத்தால் யாருக்கும் ஆதாயமில்லை. ஆட்சியும் எதிர்க்கட்சியும் ஒத்துப்போன இடத்தில் விழுந்த அடியை எந்தக் கட்சி மேடையிலும் கேட்க முடியாது. அதற்குத்தான் கட்சிக்கு வெளியே சிலர் வேண்டியிருக்கிறது, தொழிற்சங்கமோ, உள்ளூர்ப் பத்திரிகையோ, அந்தத் தையல்காரப் பாட்டிகளோ.

மறுபடி "டிஏ ஆள்" என்பார்கள், பரவாயில்லை. இளைஞர்களை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு மானியம் கொடு என்று 2012 மே மாதம் டிஏ ஜோகன்னஸ்பர்க்கில் அதை எதிர்த்த கோசாட்டு தலைமையகத்தை நோக்கி ஊர்வலம் போனது. கல் பறந்தது, அடிதடி ஆனது. சத்தமில்லாமல் 2014 ஜனவரியில் ஏஎன்சி அரசே அதை வரிச்சலுகையாக அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றுதான் ஆரம்பகால ஆய்வுகள் சொல்லின. ஆனால் சட்டம் இன்னும் இருக்கிறது. 18 முதல் 29 வயதுவரை உள்ளவரை மாதம் 7,500 ராண்டுக்குக் குறைவான சம்பளத்தில் எடுத்தால், முதல் 24 மாதத்துக்கு முதலாளி தான் பிடித்துக் கட்டும் சம்பள வரியில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். சின்ன எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்களில் நிறையப் பேருக்கு இது தெரியாது. பையனுக்கு 26தானே ஆகிறது? அடுத்த விண்ணப்பத்தில் இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கணக்குப்பிள்ளையிடம் கேட்டால் எப்படிக் கழிப்பது என்று அவர் காட்டுவார்.