மகனின் ஓடிபி உங்கள் போனுக்கு எதற்கு?

கேள்வி: மகனுக்கு 24 வயது, வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. பத்தாவது படிக்கும்போது வங்கிக் கணக்கு தொடங்கிக் கொடுத்ததே நான்தான். இன்றும் கார்டு என்னிடம்தான், ஓடிபியும் என் போனுக்குத்தான் வரும். அப்பா என்ற அதிகாரத்தை எப்படி மீட்பது?

பதில்: போகிறபோக்கில் ஓடிபி பற்றி எழுதிவிட்டீர்கள். விஷயமே அதுதான். ரயில் டிக்கெட் போடக்கூட அவன் உங்களைக் கூப்பிட்டு ஆறு எண்ணைக் கேட்க வேண்டும். அதைக் கேட்டே சலித்தவன் வேறு எதையும் கேட்க உங்களிடம் வருவானா?

நீங்கள் வைத்திருப்பது கட்டுப்பாடு. கட்டு அவிழ்ந்தால் போய்விடும். அதிகாரம் பதவியோடு வந்து பதவியோடு போவது. மாறுதலாகிப் போன தாசில்தாரின் கையெழுத்து பழைய தாலுகாவில் செல்லாது. காப்பாளர் என்ற உங்கள் பதவியும், 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவனுக்கு 18 நிறைந்த அன்றே முடிந்தது. அதை மீட்க வழியில்லை. உங்களுக்கு வேண்டியது செல்வாக்கு, அதாவது செல்லும் வாக்கு. காசு செல்லுமா என்று வாங்குகிறவன்தானே சொல்ல வேண்டும்?

இந்த வாரமே அவனோடு வங்கிக் கிளைக்குப் போங்கள். ஆதார், பான் கார்டு, பாஸ்புக் வேண்டும். கைபேசி எண் மாற்றும் படிவத்தை அவனே எழுதிக் கையெழுத்திடட்டும். அவன் போனுக்கு வங்கியின் எஸ்எம்எஸ் வந்த பிறகு கார்டின் பின் நம்பரை மாற்றட்டும். முந்தி மாற்றப் போனால் ஓடிபி மறுபடி உங்களுக்கே வரும். கார்டை அவனிடமே கொடுத்துவிடுங்கள். ஏடிஎம்முக்குள் நீங்கள் போக வேண்டாம். இன்னொன்று: பின் நம்பரை அடுத்தவரிடம் சொல்லி, அதனால் பணம் திருட்டுப்போனால், வங்கிக்குப் புகார் செய்யும்வரையிலான நஷ்டம் கணக்குக்காரர் தலையில்தான் என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. அப்பாவும் அடுத்தவர்தான்.

சம்பாதிக்கும் பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் நீங்களே எடுத்துக்கொண்டால் அது அவன் செய்த கடமையாகாது. இரண்டு வருடமாக அந்த வாய்ப்பை அவனுக்கு நீங்கள் கொடுக்கவில்லை. மளிகை, கரண்ட் பில், மருந்து என மாதக் கணக்கை எழுதி அவன் முன்னால் வையுங்கள். எவ்வளவு தருவான் என்று அவனே சொல்லட்டும். 5-ஆம் தேதிக்குள் அம்மா கையில் கொடுக்கட்டும். தவறினால் நேரில் கேளுங்கள், கண்டிப்பாகவே கேளுங்கள். கார்டை மட்டும் கேட்காதீர்கள்.