கோச் அடிக்கிற ஜோக்

கேள்வி: அக்கா, நான் மலேசியா பட்டர்வொர்த்ல பேட்மிண்டன் கோச். டிரெயினிங் கலகலன்னு இருக்கணும்னு பிள்ளைங்கள கிண்டல் பண்ணுவேன். போன வாரம் ஒரு 15 வயசுப் பொண்ண, கோர்ட்ல கேஸ் தோங் (கேஸ் சிலிண்டர்) மாதிரி உருளுறியேன்னு சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சிரிச்சா. அதுலருந்து சரியா விளையாட மாட்டேங்குறா. சிரிக்க வைக்கிறது தப்பா?

பதில்: சிரிக்க வைக்கிறது தப்பே இல்ல தம்பி, யாரை வச்சு சிரிக்க வைக்கிறீங்கங்கிறதுதான் விஷயம். டென்ஷன்ல இருக்கிற பிள்ளை ராக்கெட்ட இறுக்கிப் பிடிக்கும், தோள் தூக்கிக்கும், மூச்சு மேலயே நிக்கும், அந்த நேரத்துல லேசா ஒரு சிரிப்பு வந்தா உடம்பு தானா இளகும், மனசும் ஸ்கோர்போர்ட விட்டு வெளிய வரும். 21 பாயிண்ட் கேம்ல 11ல வர்ற இன்டர்வெல் 60 செகண்டுதான், அதுல ஷட்டில் அவுட்டா போகுதுன்னு முழிச்சிட்டு நிக்கிறவகிட்ட "இந்த ஏர்கோன் காத்து அவங்க டீம்ல சேந்துடுச்சு போல, அடுத்த கேம்ல சைட் மாறுனா நம்ம டீம்தான்"னு சொல்லுங்க, கையோட "இப்ப கொஞ்சம் உள்ளயே அடி"ன்னு ஒரே ஒரு வேலையக் கொடுங்க. ஜோக் காத்து மேல, பிள்ளை மேல இல்ல, பாத்தீங்களா?

ராட் மார்டின்னு கனடா சைக்காலஜிஸ்ட், கூட ஆளுங்களோட சேந்து 2003ல நகைச்சுவைய நாலா பிரிச்சாரு. ஆளுங்கள சேத்து வைக்கிறது, கஷ்டத்துல தன்னையே தேத்திக்கிறது, அடுத்தவங்கள குத்துறது, மத்தவங்க சிரிக்கணும்னு தன்னையே மட்டம் தட்டிக்கிறது. நீங்க சொன்னது மூணாவது. அவ கூட சேந்து சிரிச்சாளே, அது அநேகமா நாலாவது, வலிய மறைக்கிற சிரிப்பு. உடம்பு, நிறம், குடும்பம் இதெல்லாம் வச்சு கிண்டலே வேணாம், அதுவும் இந்த வயசுப் பொண்ணுங்க கிட்ட வேணவே வேணாம்.

இன்னொண்ணு, ஆளுக்கு ஆள் இது மாறும். உசைன் போல்ட் 2009ல பெர்லின்ல 100 மீட்டர 9.58 செகண்டுல ஓடுறதுக்கு முன்னாடி கூட கேமராவப் பாத்து சேட்டை பண்ணாரு, அவருக்கு அது செட் ஆச்சு, சில பிள்ளைங்களுக்கு மேட்சுக்கு முன்னாடி யாரும் பேசவே கூடாது. தோத்துட்டு வந்து அழுறப்ப ஜோக் வேணாம், அவங்களா சிரிக்கட்டும், அப்புறம் சேந்துக்கலாம்.

இப்ப அந்தப் பொண்ணுகிட்ட தனியாப் போயி, ஜோக் இல்லாம, "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா"ன்னு சொல்லுங்க. டீம் முன்னாடி சொன்னதால டீம் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லணும், ஆனா அவளுக்கு அது ஓகேவான்னு மொதல்ல கேட்டுக்குங்க. சாப்பாட்டக் குறைக்கிறாளான்னு அவங்க அம்மாகிட்ட மெதுவா விசாரிங்க, அப்படி இருந்தா டாக்டர்கிட்ட காட்டுறதுதான் அவசரம், பேட்மிண்டன் அப்புறம்.