ஆர்க்கிடெக்சர் படித்த பெண் சினிமா செட் போடப் போகலாமா?

அன்புள்ள அம்மா,

கடன் வாங்கி ஆர்க்கிடெக்சர் படிக்க வைத்த மகள், சினிமாவில் ஆர்ட் டைரக்டர் ஆகப்போகிறேன் என்றதிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் படிப்பு வீணாகிவிடும் என்கிறீர்களே, அது மட்டும் சரியில்லை.

ஹாலிவுட்டின் ஆர்ட் டைரக்டர் ராபர்ட் பாயிலைச் சொல்கிறேன். 1933-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கட்டடக்கலைப் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம்; கட்டடத் தொழிலே படுத்துக் கிடந்தது. பிழைப்புக்காகப் படங்களில் கூட்டத்தில் ஒருவராக நின்றார். அப்புறம்தான் பாரமவுண்ட் ஸ்டுடியோவின் கலைப் பிரிவில் இடம் கிடைத்தது. அதன் தலைவர் ஹான்ஸ் டிரையரும் கட்டடக்கலை படித்தவர்தான்.

1959-ல் வந்த இயக்குநர் ஹிட்ச்காக்கின் படமொன்றில், அமெரிக்காவின் ரஷ்மோர் மலையில் செதுக்கிய ஜனாதிபதிகளின் முகங்களில் நாயகனும் நாயகியும் தொற்றிக்கொண்டு இறங்க வேண்டும். அந்தக் காட்சியை நினைவுச்சின்னத்தின் மேலேயே எடுக்க அனுமதி இல்லை. பாயில் கயிற்றில் இறங்கி அந்த முகங்களைக் கிட்டத்தில் படமெடுத்து வந்தார். அவற்றை நடிகர்களுக்குப் பின்னால் ஒரு திரையில் காட்டி, நடிகர்கள் கால் வைக்கும் பாறைப் பகுதிகளை மட்டும் ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். எதைக் கட்டுவது, எதை விட்டுவிடுவது, கேமரா எங்கிருந்து பார்க்கும்? அளவும் கோணமும் கைவராதவர்களுக்கு இந்த வேலை ஓடாது. உங்கள் மகள் இப்போது கற்பதும் அதைத்தான்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டேன். பெயர் தாமதமாகத்தான் வரும். எம்ஜிஎம் ஸ்டுடியோவில் வரைந்து உழைத்தவர்கள் பலர். ஆனால் ஒப்பந்தப்படி ஏறக்குறைய எல்லாப் படத்திலும் பிரிவுத் தலைவர் செட்ரிக் கிப்பன்ஸின் பெயர் வந்துவிடும். பாயில் நான்கு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் வென்றதில்லை. கௌரவ ஆஸ்கர் 2008-ல் வந்தபோது அவருக்கு வயது 98. இன்றைக்கும் உதவியாளராகத்தான் தொடங்க வேண்டும். ஒரு படம் முடிந்து அடுத்தது வரும்வரை கையில் காசு இருக்காது. அந்த இடைவெளியில் கைகொடுப்பது பட்டம்தான். அதனால் படிப்பைப் பாதியில் விட மட்டும் சம்மதிக்காதீர்கள்.

பட்டத்துக்குப் பிறகு சேர, புனே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கத்துக்கென்றே படிப்பு இருக்கிறது. அதற்கு முன், இந்த விடுமுறையில் உங்கள் தெரு டீக்கடையை டேப் பிடித்து அளந்து, கையால் வரையச் சொல்லுங்கள். கடைக்காரர் எங்கே நிற்கிறார், பகல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, சுவரில் எங்கே எண்ணெய்க் கறை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வரைந்ததை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.