ராத்திரி பூட்டும் விடுதியும் பகல் ஒத்திகையும்

கேள்வி: ஐயா, எங்கள் கல்லூரி விடுதியில் வருடத்துக்கு ஒருமுறை தீ ஒத்திகை நடக்கிறது. முந்தின நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவார்கள். காலை பதினோரு மணிக்கு மணி அடிக்கும். மைதானத்தில் போய் நிற்போம், போட்டோ எடுப்பார்கள், முடிந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கீழ்த்தளத்து இரும்புக் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். நிஜமாகவே தீப்பிடித்தால் இந்த ஒத்திகை உதவுமா?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில் (ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்): உதவாது மகளே. பகல் பதினோரு மணிக்குப் பாதிப் பேர் வகுப்பில் இருப்பீர்கள். எல்லா அறையும் நிறைந்திருப்பது ராத்திரியில்தான். ஒத்திகையை அப்போது வைக்க வேண்டும்.

பூட்டு விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள், எப்படி ஓடுவார்கள்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். சமையல்கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது, இறங்கும் படிக்கட்டோ குறுகல். இந்த இரண்டையும் நினைக்காமல் நான் எந்த விடுதிக்குள்ளும் போவதில்லை.

ஒரு விடுதியில் இரவு ஒத்திகை நடத்தினோம். மணி அடித்ததும் பிள்ளைகள் சரசரவென்று இறங்கி வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் கையில் பெரிய சாவிக் கொத்து. எல்லாம் ஒரே மாதிரி சாவி, ஒன்றிலும் சீட்டு இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார், கை நடுங்குகிறது. பின்னால் வந்தவர்கள் நெருக்க, முன்னால் நின்ற பெண்கள் கேட்டுக் கம்பியோடு ஒட்டிப்போனார்கள். புகையே இல்லாதபோது இந்தக் கதி. மறுநாளே அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளைப் போடச் சொன்னேன். வெளியாள் நுழையக்கூடாது என்பதற்குத்தானே பூட்டு? அதற்கு இதுவே போதும்.

உங்கள் வார்டனிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள். அடுத்தது வருகைப் பதிவேடு. யார் ஊருக்குப் போயிருக்கிறார், யார் உள்ளே இருக்கிறார் என்று எழுதிய நோட்டு, கூடும் இடத்துக்குக் கையோடு வர வேண்டும். இல்லையென்றால் சொந்த ஊரில் தூங்குகிற பெண்ணைத் தேடி எங்கள் ஆட்கள் புகைக்குள் நுழைவார்கள். காலில் கட்டுப் போட்டிருப்பவர், கண் தெரியாதவர் யாராவது இருந்தால், பக்கத்து அறைத் தோழிகள் இருவர் பொறுப்பு என்று முன்பே பேசி வையுங்கள். கீழே போக வழி இருக்கும்போது மொட்டை மாடிக்கு ஓடக்கூடாது. புகை மேலேதான் போகும். லிஃப்ட் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வகச் சுவரில் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறது. ஒத்திகையில் அதை யாரும் தொடுவதே இல்லை. மாணவர்கள் இயக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: தாராளமாக. தொட்டுப் பழகாதவருக்கு ஆபத்து நேரத்தில் அந்தப் பின்னை இழுக்கவே கை வராது. மேலே சின்ன மீட்டர் இருந்தால் முள் பச்சையில் நிற்கிறதா பாருங்கள். பின்னை உருவி, குழாயை நெருப்பின் அடிப்பகுதிக்கு நேரே பிடித்து, கைப்பிடியை அழுத்தி இடமும் வலமுமாக அசைக்க வேண்டும். ஜுவாலையின் உச்சியில் அடித்தால் பவுடர்தான் வீண். வாசல் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஒரு சிலிண்டர் அரை நிமிடம்கூட வராது. அதற்குள் அணையவில்லையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறி 101 அல்லது 112-க்குப் பேசுங்கள். எந்த கேட் வழியாக வண்டி வரலாம் என்பதையும் சொல்லுங்கள். அந்த வழியில் நிற்கும் பைக்குகளை யாராவது நகர்த்தட்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். உங்கள் கல்லூரி முதல்வர் பக்கத்து நிலையத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதினால், சிலிண்டரை மாணவர்கள் கையிலேயே கொடுத்துக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்கலாம்.