தக்கலையில் இருந்தபடி செர்ன் தரவை ஆராய முடியுமா?

தக்கலையில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் நீங்கள், ஜெனீவா போகாமல், அங்குள்ள ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் தரவைச் சாதாரண மடிக்கணினியிலேயே ஆராய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். அனுமதிக் கடிதமும் வேண்டாம், கட்டணமும் கிடையாது.

செர்னின் திறந்த தரவுத் தளம் 2014 நவம்பரில் தொடங்கியது. அங்கே துகள் மோதல்களைப் பதிவு செய்யும் சி.எம்.எஸ். கருவியின் முழுத் தரவை இறக்க முயலாதீர்கள். அது பெட்டாபைட் (ஆயிரம் டெராபைட்) கணக்கு, மழை நாளில் நம் ஊர் இணையம் தாங்காது. மாணவர்களுக்கென்றே சுருக்கிய சி.எஸ்.வி. கோப்புகள் (எளிய அட்டவணைக் கோப்புகள்) உண்டு. இரண்டு மியூவான்கள் (எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் நிறை கூடிய துகள்கள்) பதிவான மோதல்களின் கோப்பை எடுங்கள். ஒரு வரி என்றால் ஒரு மோதல்: இரு மியூவான்களின் ஆற்றலும் மூன்று திசை உந்தங்களும் அதில் இருக்கும்.

ஆற்றல்களைக் கூட்டி வர்க்கமாக்குங்கள். உந்தங்களைத் திசைவாரியாகக் கூட்டி, அவற்றின் வர்க்கங்களை அதிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். இரண்டும் ஒரே துகள் சிதைந்து வந்தவை என்றால், அந்தத் துகளின் நிறை கிடைத்துவிடும். பைத்தானில் சில வரிகள்தான். எல்லா வரிகளுக்கும் கிடைத்த நிறைகளை எண்ணிக்கை வரைபடமாக்குங்கள்; அதில் 91 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் அருகே எழும் மேடு இசட் போசான் என்ற துகள், 3.1 அருகே நிற்பது ஜே/சை என்ற துகள். தொடர்பில்லாத மியூவான் ஜோடிகள் மற்ற இடமெல்லாம் பரவிக் கிடக்கும். பாடநூலில் படிப்பதைவிட இது எனக்குப் பிடித்த பாடம்.

பெரிய கோப்புகளுக்கு ரூட் என்ற இலவசத் தரவு ஆய்வு மென்பொருள் வேண்டும். ஆய்வாளர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களின் கணக்கீடு 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் கணினி மையங்களில் பகிர்ந்து நடக்கிறது. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் அதில் ஒன்று. அவர்களின் கூட்ட அட்டவணை, உரைகளின் கோப்புகள் எல்லாம் செர்னின் இன்டிகோ என்ற இணையதளத்தில் இருக்கும். பல பொதுவில் கிடைக்கின்றன. முதலில் சி.எஸ்.வி. கோப்பை முடித்துவிட்டு ரூட் பக்கம் போங்கள்.