'கிவ் மீ' சரி என்றால் 'எக்ஸ்ப்ளெயின் மீ' ஏன் தப்பு?

கேட்டவர் இரண்டு வாக்கியங்களைக் கொடுத்திருக்கிறார்: "ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ திஸ் சம்", "சஜஸ்ட் மீ எ குட் ஹோட்டல்". "கிவ் மீ எ பென்", "டெல் மீ எ ஸ்டோரி" எல்லாம் சரியாக இருக்கும்போது இவற்றை மட்டும் ஏன் தப்பு என்கிறார்கள் என்பது கேள்வி.

நானும் இதில் அடிபட்டவன்தான். 2009-இல் கிண்டி பக்கம் ஒரு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், "கைண்ட்லி எக்ஸ்ப்ளெயின் மீ த டிலே" என்று ஒரு மெயில் அனுப்பினேன். மேலதிகாரி அதைத் திருத்தி, மொத்த டீமுக்கும் சிசி போட்டுத் திருப்பி அனுப்பினார். ஏன் சார் என்று கேட்டதற்கு "அது அப்படித்தான்" என்றார். பல வருஷம் கழித்து அக்கா மகள் பத்தாம் வகுப்பு இலக்கணத்தோடு வந்து "மாமா, இது ஏன் தப்பு?" என்று அதையே கேட்டபோதுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

முதலில் நம் பக்கத்திலிருந்து பார்க்கலாம். தமிழில் யாருக்கு என்பதைக் 'கு' காட்டிவிடுகிறது. "பூனைக்கு மீனைக் கொடுத்தேன்" என்றாலும் "மீனைப் பூனைக்குக் கொடுத்தேன்" என்றாலும் சாப்பிடப்போவது பூனைதான். ஆங்கிலத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. "ஐ கேவ் த கேட் த ஃபிஷ்" என்றால் பூனைக்கு மீன். இடத்தை மாற்றி "ஐ கேவ் த ஃபிஷ் த கேட்" என்றால் காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்துக்கு ஒரு பூனையைப் பரிமாறியதாக ஆகிவிடும். உருபு செய்யும் வேலையை அங்கே வரிசை செய்கிறது. வாங்குபவர் முன்னால், பொருள் பின்னால். வரிசையை மாற்றினால் நடுவில் 'டு' போட்டே ஆக வேண்டும்: "ஐ கேவ் த ஃபிஷ் டு த கேட்".

ஆங்கிலத்துக்கும் ஒருகாலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'ஹிம்' என்றால் 'அவனுக்கு'. 'அவனை' என்பதற்கு 'ஹினே' என்று தனிச்சொல் இருந்தது. உருபுகள் தேய்ந்தன, 'ஹினே' காணாமல் போனது, 'ஹிம்' இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது. அதனால் "கிவ் ஹிம் எ சேர்" என்பதில் 'டு' தொலைந்துபோய்விட்டதாக நினைக்க வேண்டாம். அதன் உள்ளே பழைய 'அவனுக்கு' உட்கார்ந்திருக்கிறது.

சரி, எந்த வினைகள் இப்படி வாங்குபவர், பொருள் என்று இரண்டு செயப்படுபொருளை அடுத்தடுத்து ஏற்கும்? அக்கா மகளுக்கு நான் சொன்ன வழி இது: தமிழில் அந்த வேலையோடு 'கொடு' சேர்த்துச் சொல்லிப் பார். "பாட் மீ எ டீ" என்றால் நாம் எனக்கு டீ வாங்கினான் என்று நிறுத்துவதில்லை, வாங்கிக் கொடுத்தான் என்போம். "மேக் மீ எ தோசை", தோசை சுட்டுக் கொடு. "கெட் மீ ஆன் ஆட்டோ", ஆட்டோ பிடித்துக் கொடு. "டீச் மீ மேத்ஸ்", கணக்கு சொல்லிக் கொடு. ஆங்கிலம் சொல்லாமல் வரிசையில் ஒளித்து வைக்கும் 'கொடு'வை நாம் வாய்விட்டுச் சொல்கிறோம். நன்னூல் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் முதலில் வருவதும் கொடைதான். (ஒரு எச்சரிக்கை: 'ஷோ'வுக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். காட்டிக் கொடுத்தால் விவகாரம் வேறு.)

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள், "அப்போ 'ஓப்பன் மீ த டோர்' சரியா மாமா? கதவைத் திறந்து கொடுன்னு சொல்றோமே?" என்றாள். நல்ல கேள்வி. அது தப்பு. ஆனால் "ஓப்பன் மீ எ சோடா" சரி. சோடாவை உடைத்துக் கொடுத்தால் அது என் கைக்கு வருகிறது. கதவைத் திறந்து கொடுத்தால் கதவு என் கைக்கு வருவதில்லை, நிலையிலேயே நிற்கிறது. தமிழ்க் 'கொடு' உதவியாகச் செய்வதையும் சேர்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தின் இந்த அமைப்போ ஏதாவது ஒன்று கைக்கு, காதுக்கு, அல்லது மனசுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஒத்துக்கொள்ளும்.

நம்மவர்கள் வழுக்கும் இன்னொரு இடமும் இதே காரணத்தால்தான். தமிழில் அண்ணனுக்கு அனுப்பினாலும் 'கு', மதுரைக்கு அனுப்பினாலும் 'கு'. ஆங்கிலத்தில் "ஐ சென்ட் மை பிரதர் எ பார்சல்" சொல்லலாம், "ஐ சென்ட் மதுரை எ பார்சல்" சொல்ல முடியாது. ஊர் எதையும் கைநீட்டி வாங்காதே! ஆனால் அலுவலகப் பேச்சில் 'மதுரை' என்றால் மதுரைக் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் என்று அர்த்தம் வரும். அப்போது அதே வாக்கியம் சரியாகிவிடுகிறது.

'டு' வருமா 'ஃபார்' வருமா என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். கொடுக்கவும் அனுப்பவும் கடன் தரவும் எதிரே ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும்: 'டு'. வாங்குவதையும் சமைப்பதையும் தேடுவதையும் தனியாகவே செய்யலாம், ஆள் பிறகுதான் வருகிறார்: 'ஃபார்'.

இப்போது 'எக்ஸ்ப்ளெயின்'. விளக்கினால் விஷயம் மனசுக்குப் போகத்தானே செய்கிறது, பிறகு என்ன? இங்கே அர்த்தம் கைகொடுக்காது, வினையின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். கிவ், டெல், சென்ட், டீச், லெண்ட் எல்லாம் மண்ணின் சொற்கள், ஓரசைக் குட்டிகள். எக்ஸ்ப்ளெயின், டிஸ்கிரைப், சஜஸ்ட், டொனேட், டெமான்ஸ்ட்ரேட் எல்லாம் லத்தீனிலிருந்து, பல பிரெஞ்சு வழியாகவும் வந்தவை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக நுழைந்தன. இப்படி வந்த வினைகளில் பெரும்பாலானவை உள்ளூர் வினைகளின் இரட்டைச் செயப்படுபொருள் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளவே இல்லை, 'டு'வோடுதான் வரும். கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று பெயர் எழுதியிருப்பார்களே, அந்தப் புண்ணியவானைப் பற்றி "ஹி கேவ் த டெம்பிள் எ டியூப்லைட்" என்று சொல்லலாம். "ஹி டொனேட்டட் த டெம்பிள் எ டியூப்லைட்" என்று சொல்லக்கூடாது. காரியம் ஒன்றே, வினையின் குலம் வேறு.

விதிவிலக்குகள் உண்டு. 'ஆஃபர்', 'ப்ராமிஸ்' இரண்டும் லத்தீன் வழி வந்தும் இரண்டு செயப்படுபொருளை ஏற்கின்றன. 'செ' பச்சை ஆங்கிலச் சொல், ஆனாலும் "செ மீ சம்திங்" கிடையாது. இதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், மனப்பாடம்தான். புதிதாக வந்த வினைகளோ தயங்குவதே இல்லை: "டெக்ஸ்ட் மீ த அட்ரஸ்", "வாட்ஸ்அப் மீ த போட்டோ".

தலைகீழான கேஸும் இருக்கிறது. "த ஆட்டோ காஸ்ட் மீ 200 ரூபீஸ்" என்பதை 'டு மீ' போட்டு மாற்றவே முடியாது, இங்கே பணம் என்னிடம் வரவில்லை, போய்விட்டது. "ஆஸ்க் ஹிம்"மும் அப்படித்தான். "ஆஸ்க் டு ஹிம்" என்று நம்மூரில் பலர் சொல்வது தவறு.

உங்கள் இரண்டு வாக்கியங்களுக்கு வருகிறேன். முதலாவது "ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் திஸ் சம் டு மீ". இரண்டாவதில் 'மீ'யே வேண்டாம், "கேன் யூ சஜஸ்ட் எ குட் ஹோட்டல்?" போதும். கேட்பது நீங்கள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். 'மீ' சொல்லாமல் நாக்கு அடங்காது என்றால் வினையை மாற்றிவிடுங்கள்: "டெல் மீ வேர் டு ஈட்" என்று. 'சஜஸ்ட் மீ' என்று சொன்னாலும் தி. நகரில் யாரும் உங்களை வேறு ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்கள். ஆனால் நேர்முகத் தேர்விலும் மெயிலிலும் அது கண்ணில் படும், என் மேலதிகாரி கண்ணில் பட்டது போல.