ஃபிராக்மென்ட் இரண்டாவது இடத்தில் காலியாக வருவது ஏன்?

சகோ, இது பிரவுசர் கோளாறு இல்லை, ஜாவாஸ்கிரிப்ட்டில் பக்கத்தில் போடுவதற்கு முன் உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கூடையான டாக்குமெண்ட் ஃபிராக்மென்ட்டின் குணமே அதுதான். பினாங்கு லிட்டில் இந்தியா கடையின் மெனுவை ஃபிராக்மென்ட்டில் கட்டி மேல் பெட்டியில் அப்பெண்ட் செய்தால், அதாவது சேர்த்தால், வருகிறது, அதையே பக்கத்துப் பெட்டியில் போட்டால் ஒன்றும் இல்லை, எர்ரரும் இல்லை என்கிறீர்கள். உள்ளே இருக்கும் நோடுகள் (பக்கத்தின் உறுப்புகள்) நகலாகப் போவதில்லை, அப்படியே இடம் மாறிவிடும். பரிமாறி முடித்த டிஃபன் கேரியர் மாதிரி ஃபிராக்மென்ட் மட்டும் காலியாக மிஞ்சும். முதல் அப்பெண்டுக்கு அடுத்த வரியில் ஃபிராக்மென்ட்டின் சைல்ட்நோட்ஸ் லெங்த்தை, அதாவது உள்ளே எத்தனை நோடு இருக்கிறது என்பதை, கன்சோலில் பாருங்கள், 0 என்று காட்டும்.

அதனால் முதல் பெட்டிக்குக் குளோன்நோட் மூலம் ஒரு நகல் எடுத்துப் போடுங்கள், அசல் இரண்டாவதற்கு. அடைப்புக்குள் ட்ரூ கட்டாயம், இல்லாவிட்டால் குளோனும் காலிதான்.

அப்புறம், ரொட்டி சானாய் வரிசையில் ஆர்டர் பட்டனுக்கு, அமுக்கினால் வேலை செய்ய ஆட்இவெண்ட்லிஸனர் வைத்திருக்கிறீர்களே, அது நகலோடு வராது, மேல் பெட்டியில் அமுக்கினால் சும்மா இருக்கும். பட்டன் பட்டனாகத் திரும்ப வைத்துக்கொண்டிருப்பதைவிட, பெட்டிக்கு ஒரே லிஸனர் வைத்து, அமுக்கியது எது என்று இவெண்ட் டார்கெட்டில் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஐடி வைத்திருந்தால் கிளாஸாக மாற்றிவிடுங்கள், குளோன் அதையும் சேர்த்தே நகலெடுப்பதால் ஒரே ஐடி பக்கத்தில் இரண்டு முறை வந்துவிடும்.